கட்டியக்காரன் ஏறிய ராக்கெட்

நம்மிடம் எழுதக் கேட்கிற விஷயங்கள் நாலைந்துதான். பறையைப் பற்றி எழுது, மாட்டுக்கறியைப் பற்றி எழுது, பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார வைத்ததை எழுது, எரிந்த குடிசையை எழுது. எழுதியிருக்கிறோம். இன்னும் எழுதுவோம், எழுதித் தீராது. ஆனால் இந்தத் தடவை ராக்கெட் விட்ட கதையைச் சொல்லப் போகிறேன். பொம்மை ராக்கெட்தான். கலர் பாட்டில் ஒன்று, சைக்கிள் பம்பு ஒன்று, ஒரு சொம்புத் தண்ணி. அவ்வளவுதான் மூலப்பொருள். அதுக்கே ஸ்டேஷன் வரைக்கும் போய்வர வேண்டியிருந்தது.

காஞ்சிபுரம் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது எங்கள் காலனி. சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலாவில் இறங்கியதை அந்தக் கூடத்து டி.வி.யில்தான் பார்த்தோம். சாயங்காலம் ஆறு மணி நாலு நிமிஷம். பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அதே டி.வி.யில்தான் இரண்டு வாரம் முந்தி நாங்குநேரிச் செய்தியையும் பார்த்திருந்தோம். ஆகஸ்டு 9 ராத்திரி, பிளஸ் டூ படிக்கிற தலித் மாணவனைக் கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கச்சிக்கும் வெட்டு. அன்றைக்கு எந்தப் பிள்ளையும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நிலாவில் இறங்கிய அன்றைக்குத்தான் கேட்டார்கள்.

ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு கேட்டாள்: “அண்ணா, இப்ப எறங்குனாங்களே, அந்த எடம் யாருக்குச் சொந்தம்?”

எந்த நாடும் நிலாவைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது, 1967-இல் அப்படி ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள் என்றேன்.

“அப்பிடின்னா பொறம்போக்காணா?”

கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரம்தான். காலனியில் பாதி வீடு ஏரிப் புறம்போக்கில் இருக்கிறது, பட்டா கிடையாது. அந்தப் பொண்ணுக்கு, யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்றால் தன் வீடு இருக்கிற இடம். இதே செங்கல்பட்டுச் சீமையில்தான் டிரெமென்ஹீர் என்கிற கலெக்டர் நம் சனங்களின் நிலைமையை அறிக்கையாக எழுதி, அதன் பேரில் 1892-இல் பஞ்சமி நிலம் கொடுக்க உத்தரவானது. அந்த நிலம் பிறகு யார் யார் கைக்குப் போனது, அதைத் திருப்பிக் கேட்டதற்கு 1994-இல் காரணையில் துப்பாக்கிச் சூட்டில் யார் செத்தார்கள் என்பதெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலாவிலாவது நமக்கு மூணு சென்ட் கிடைக்குமா என்று பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சிலிருந்துதான் ராக்கெட் ஆசை வந்தது.

வெளிநாட்டில் இதற்குக் கடையே இருக்கிறது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் தொடங்கிய பழக்கம். அட்டைக் குழாய், லேசான மரத்தில் இறக்கை, உள்ளே வைக்க விரல் பருமனில் கருமருந்து அடைத்த மோட்டார் எல்லாம் பெட்டியில் போட்டு விற்பார்கள். விண்வெளிக் கதைகளில் வருகிற கப்பல் மாதிரியே செய்து பறக்க விடுகிற பெரிய ஆட்களும் அங்கே உண்டு. இங்கே காலனிப் பையன் கையில் ஒரு சிட்டிகைக் கருமருந்து இருந்தால் அது விளையாட்டுச் சாமான் ஆகாது, வழக்குச் சாமான். அதனால் மருந்து வேண்டாம், தண்ணி என்று முதல் நாளே முடிவு பண்ணினோம். இத்தனைக்கும் ராக்கெட் எங்கள் பக்கத்து மண்ணுக்குப் புதுசில்லை. 1780 செப்டம்பரில் இங்கே புள்ளலூரில்தான் ஹைதர் அலி, திப்புவின் படை மூங்கில் கழியில் கட்டிய இரும்புக் குழாய் ராக்கெட்டுகளை விட்டு கும்பெனிப் படையைச் சிதற அடித்தது. பெய்லி என்கிற கர்னல் பிடிபட்டார். சரித்திரத்தில் கர்னல் பேர் இருக்கிறது. இரும்பை உருட்டியவன், மூங்கில் வெட்டியவன், தோல் வாரால் கட்டியவன் பேர் இல்லை.

ராக்கெட் என்றால் அதுக்கு ஒரு கதை வேண்டும் என்றார்கள் பிள்ளைகள். எங்கே போகுது, யார் போறாங்க? அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘கலை அரசி’ படம் போட்டேன். 1963-இல் வந்த எம்.ஜி.ஆர். படம். வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பறக்கும் தட்டில் வருகிறார்கள். விஞ்ஞானத்தில் புலிகள், ஆனால் பாட்டும் ஆட்டமும் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ள பூமியிலிருந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், எம்.ஜி.ஆர். மீட்டு வருகிறார். படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடிந்ததும் ஒன்பதாவது படிக்கிற பையன் கேட்டான், “அவ்ளோ தூரத்துலேர்ந்து பாட்டு தேடி வந்தவங்க ஏண்ணா நம்ம தெரு பக்கம் வரல? மோளச் சத்தம் அங்க கேட்டிருக்காதா?”

எம்.ஏ.வில் இரண்டு வருஷம் இலக்கியத் திறனாய்வு படித்தேன். இந்தக் கேள்விக்கு அதில் ஒரு பாடமும் இல்லை. வேற்றுக் கிரகத்துக்காரனுக்கும் எது சங்கீதம் என்று முன்கூட்டியே யாரோ சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். எதிர்காலத்தைக் கற்பனை பண்ணுகிறவர்களும் இங்கே இருக்கிற ஊரையும் தெருவையும்தான் மேலே தூக்கி வைக்கிறார்கள். சேரி மட்டும் கீழேயே தங்கிவிடுகிறது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். கூத்து வாத்தியார். இப்போது ஆடுவதில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர்தான் வழி சொன்னார். “தூக்கிட்டுப் போறவரைக்கும் எதுக்குடா காத்துனு இருக்கணும்? நாமளே போவலாம். மொதல்ல கட்டியக்காரனை அனுப்புங்கடா. எந்தக் கூத்தா இருந்தாலும் அவன்தான மொதல்ல வருவான்?” கட்டியக்காரன் ராஜாவையே கிண்டல் பண்ணலாம், யாரும் கேட்க முடியாது. கதை அங்கேயே முடிவாகிவிட்டது. கட்டியக்காரன் வேற்றுக் கிரகம் போகிறான். அங்கே ராஜா சபையில் நின்று, உங்க ஊர்ல கெணறு எத்தினி, ஒண்ணா ரெண்டா என்று கேட்கிறான். சுடுகாடு எத்தினி என்று கேட்கிறான். மிச்சக் கதையை எழுத ஆளுக்கு ஒரு நோட்டு.

இனி வேலை. தண்ணி விற்கிற பாட்டில் ஆகாது, மெல்லிசு, காற்றழுத்தம் தாங்காது. கேஸ் அடைத்த கலர் விற்கிற இரண்டு லிட்டர் பாட்டில்தான் தாங்கும். தலைகீழாகக் கவிழ்த்தால் அதுதான் ராக்கெட் உடம்பு. இன்னொரு பாட்டிலின் தோள்பாகத்தை அறுத்தால் மூக்கு. வாயில் ரப்பர் கார்க், கார்க்கின் நடுவில் சைக்கிள் டியூப் வால்வு. பம்பு அடிக்க அடிக்க உள்ளே அழுத்தம் ஏறி, கார்க் தாங்காமல் பிடுங்கிக்கொள்ளும். தண்ணி கீழே பாயும், பாட்டில் மேலே போகும். நியூட்டனின் மூன்றாம் விதி என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது, மனப்பாடமாகவும் சொல்வார்கள். அந்த விதி மூஞ்சியில் தெறித்து நனைத்த பிறகுதான் அவர்களுக்கு அது விதியானது.

தண்ணி எவ்வளவு என்பதில் பெரிய சண்டை. முழுசா ஊத்தினா முழு பலம் என்றது ஒரு கட்சி. ஊற்றினோம். புஸ்ஸென்று ஆள் உயரம் போய்க் கவிழ்ந்தது. காற்று அடைக்க இடம் இல்லை, தள்ள ஆள் இல்லை. வெறும் காற்றை மட்டும் அடைத்தால் டப்பென்று சத்தம், கொஞ்சம் எகிறல், அவ்வளவுதான். எகிற எதையாவது கீழே எறிய வேண்டும், எறிகிற பொருளுக்குக் கனமும் வேண்டும். கடைசியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணி, மீதி காற்று என்று நின்றது.

கார்க் தன் இஷ்டத்துக்குப் பிடுங்கிக்கொண்டது. அதற்கு மருந்து கண்டுபிடித்தவன் ஒரகடத்தில் காண்டிராக்ட் வேலை பார்க்கிற தம்பி. ஷிப்டு இல்லாத நாளில் பிளம்பர் வேலையும் பார்ப்பான். பி.வி.சி. பைப் மேல் பாட்டிலைக் கவிழ்த்து, சுற்றிலும் கேபிள் டைகளை நிறுத்தி, அவற்றின் தலை பாட்டில் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும்படி மேலே ஒரு பைப் வளையத்தை மாட்டினான். வளையத்தில் நூல் கட்டித் தூரத்தில் நின்று இழுத்தால் பிடி விடும். பங்க்சர் கடையில் அழுத்தமானி வைத்த பம்பு இரவல் வாங்கினோம். 60-க்கு மேல் அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். பத்து அடி தள்ளித்தான் எல்லோரும் நிற்க வேண்டும். இதுவரை என் சட்டங்களில் மீறப்படாதது இது ஒன்றுதான்.

பறக்கும் தட்டு வேண்டும் என்று பிடிவாதம். அதுக்குப் பிளாஸ்டிக் தட்டின் நடுவில் ஓட்டை போட்டு, பாட்டிலின் கழுத்துப் பக்கம் மாட்டினார்கள். காற்று பிடித்து இழுக்கும், ஏறாது என்றேன். உயரம் குறைந்தது உண்மை. ஆனால் இறக்கையே இல்லாமல் நேராகப் போனது! பின்பக்கம் காற்று பிடித்து இழுப்பதால் மூக்கு அசையாமல் முன்னே நிற்கிறது. வால் கட்டின காற்றாடி மாதிரிதான். தட்டை எடுத்துவிட்டு இறக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் முதல் ராக்கெட் குட்டிக்கரணம் போட்டது. மூக்கில் களிமண் அடைத்தோம். எவ்வளவு அடைப்பது என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. ராக்கெட் சமநிலையாக நிற்கிற இடத்தில் நூலைக் கட்டித் தலைக்கு மேலே சுற்ற வேண்டும். மூக்கை முன்னால் விட்டுச் சுற்றினால் பறக்கும், மல்லாந்தால் இன்னும் கொஞ்சம் களிமண்.

இறக்கையைக் கூத்துப் பெரியவர் வரைந்து கொடுத்தார். தோளில் கட்டுகிற புஜகீர்த்தி வடிவம். கல்யாண வரவேற்புக்கு வைத்து வீசிய சன்போர்டில் மூன்று வெட்டி, அவர் பெட்டியில் மிஞ்சியிருந்த ஜிகினாத் தாளை ஒட்டினார்கள். மூக்குக் கூம்பில் கிரீடக் கோடுகள். வெயிலில் வைத்தபோது கண் கூசியது. ராக்கெட் இவ்வளவு அழகாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியாது. இறங்குவதற்குக் குடை வேண்டுமே? ஏப்ரல் 14-க்குத் தோரணம் கட்டி மீந்த நீலத் துணி கூடத்தில் கிடந்தது. அதில் வட்டம் வெட்டி எட்டு நூல் கட்டி மூக்குக்குள் மடித்து வைத்தார்கள். உச்சியில் போய்த் திரும்பும்போது மூக்கு கழன்று துணி விரியும். மூன்று தடவைக்கு ஒரு தடவை விரிந்தது.

இதற்கிடையில் இயக்கத்தில் மூத்த தோழர் ஒருவர் வந்திருந்தார். பார்த்துவிட்டுக் கோபம் வந்துவிட்டது. “மலக்குழியில எறங்கி மாசத்துக்கு ஒருத்தன் செத்துக்கினு இருக்கான். நீ புள்ளைங்களுக்கு வேடிக்கை காட்டுற. ராக்கெட்டு அவன் விஷயம்யா.”

அவர் கோபத்தை நான் மதிக்கிறேன். துணைக்கு அவர் சொன்ன உதாரணமும் சரியானது. 1969 ஜூலையில் அப்பல்லோ-11 கிளம்புவதற்கு முந்தின நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்நாதி ஏழைக் கறுப்பின மக்களைக் கூட்டிக்கொண்டு, கோவேறு கழுதை பூட்டிய வண்டியோடு கேப் கென்னடி வாசலுக்குப் போனார். பசியை விட்டுவிட்டு நிலாவுக்கு என்ன அவசரம் என்று கேட்டார். நம் தேசத்திலும் கணக்கு அப்படித்தான். தும்பாவில் 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் மேலே போக, மீனவர்கள் கடற்கரையைக் காலி பண்ணினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவுக்காக யானாதி மக்கள் தீவை விட்டு வெளியேறினார்கள். ராக்கெட் கிளம்புகிற இடத்திலெல்லாம் முதலில் கிளம்புவது ஏழைகள்.

ஆனால் அபர்நாதி கதையில் மிச்சம் ஒன்று இருக்கிறது. நாசாவின் தலைவர் வெளியே வந்து அவரைப் பார்த்தபோது, கோரிக்கைகளோடு இன்னொன்றும் கேட்டார். நாளைக்கு ராக்கெட் போவதைப் பார்க்க எங்கள் குடும்பங்களுக்கும் உள்ளே இடம் வேண்டும். கிடைத்தது. மறுநாள் அவர்களும் பார்த்தார்கள். ரொட்டி கேட்ட அதே வாய்தான் வானத்தையும் கேட்டது. தோழரிடம் இதைச் சொன்னேன். ரோகித் வெமுலாவையும் சொன்னேன். 2016 ஜனவரியில் எழுதிய கடைசிக் கடிதத்தில் அவர், கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளனாக வேண்டும் என்றுதான் எப்போதும் ஆசைப்பட்டதாக எழுதியிருக்கிறார். அவர் சாவுக்கு நாம் போட்ட கூட்டங்கள் எத்தனை, அந்த ஆசைக்கு நாம் போட்ட கூட்டம் ஒன்றாவது உண்டா? தோழர் பதில் சொல்லவில்லை. போகும்போது பம்பை எடுத்து நாலு அடி அடித்துவிட்டுப் போனார்.

ராக்கெட் எங்கே போகும் என்பதைவிட எங்கே விழும் என்பதுதான் எங்கள் பெரிய கணக்கு. ஊர்த் தெரு எங்களுக்கு மேற்கே. நடுவில் கழனி. கிழக்கே ஏரி. ஆவணி மாதத்தில் பகலெல்லாம் மேல்காற்று, அதனால் விட்டதெல்லாம் ஏரிப் பக்கம் விழும், கவலையில்லை. சாயங்காலம் கடற்காற்று திரும்பிவிட்டால் எதிர்ப்பக்கம். பிள்ளைகள் வேப்பங்கொப்பில் நூலைக் கட்டி வைத்து, அது மேற்கே சாய்ந்ததும் கடையைக் கட்டிவிடுவார்கள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பந்து எந்தப் பக்கம் போகக் கூடாது என்று நடக்கத் தொடங்கியதிலிருந்தே தெரிந்தவர்கள். கேட்டுக்கொண்டிருந்த ஒரு ஆயா சொன்னது: “மேக்காத்து அவுங்களத் தொட்டுட்டு நம்மகிட்ட வருது. கடக்காத்து நம்மளத் தொட்டுட்டு அங்க போவுது. அதுக்கு எவனும் தலை முழுவுறதில்ல.”

செப்டம்பர் கடைசி ஞாயிறு. அன்றைக்கு விட்டதுதான் நல்ல பறப்பு. தட்டும் புஜகீர்த்தியும் சேர்ந்த முழு அலங்காரம். 25 மீட்டர் தள்ளி நின்று, கோணமானியில் நூலும் கல்லும் தொங்கவிட்டு அந்த ஏழாவதுப் பொண்ணு உயரம் பார்த்தாள். 50 டிகிரி. கண் உயரத்தையும் சேர்த்தால் 31 மீட்டர். நீலத் துணி விரிந்தது. எல்லோரும் கத்தினோம். அப்போதுதான் வேப்பங்கொப்பு நூல் திரும்பியது. கட்டியக்காரன் ஜிகினா மின்ன, நீலக் குடை பிடித்து, ஆடி அசைந்து மேற்கே போனான். ஊர்க்காரர் ஒருவருடைய கழனியில், புதுசாக நட்ட நாற்றுக்கு நடுவில் இறங்கினான்.

கோணமானியைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பொண்ணுதான் ஓடினாள். வரப்பில் நின்றவர், “எவடி எறங்கச் சொன்னது?” என்று கத்தினார். அவள் ஒரு கால் சேற்றிலும் ஒரு கால் வரப்பிலுமாக நின்றாள். அந்த நாற்றை முந்தாநாள் நட்டது அவள் அம்மா. நடுவதற்கு இறங்கலாம், களை பறிக்க இறங்கலாம், அறுக்க இறங்கலாம். ராக்கெட் எடுக்க மட்டும் இறங்கக் கூடாது. சத்தம் கேட்டு அவள் அம்மாவும் வந்துவிட்டாள். “மிதிச்ச நாத்த நான் நட்டுக் குடுக்கிறேன். எப்பவும் நான்தான நடுறேன்? புள்ளையத் திட்டாத” என்றாள். அவர் ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரியே புகார் போய்விட்டது. காலனிப் பசங்க வெடி விட்டு எங்க நெலத்துல கொடி எறக்குனாங்க என்று. மறுநாள் ஸ்டேஷனில் நான், பிளம்பர் தம்பி, இரண்டு பெரியவர்கள். மேஜை மேல் கட்டியக்காரன். ஏட்டு பாட்டிலை மோந்து பார்த்தார். இன்ஸ்பெக்டர் கேட்டார், “உள்ள என்ன போட்டீங்க?”

“தண்ணிங்க சார்.”

“தண்ணியில ராக்கெட் போவுமா? என்ன படிச்சிருக்க?”

“எம்.ஏ. தமிழ்.”

“தமிழுக்கு எதுக்குய்யா ராக்கெட்டு?”

இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தம்பிக்கு அன்றைய ஷிப்டு போச்சு. கடைசியில் நீட்டின தாளில், விளையாட்டு அறிவியல் சோதனை என்றும், வெடிப்பொருள் எதுவும் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இனி விட மாட்டோம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். அதை எழுதவில்லை. எங்கே விட வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள், அங்கே விடுகிறோம் என்றார் பெரியவர். அதுக்கு மேல் அவர்களும் வற்புறுத்தவில்லை. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார்கள். நீலத் துணியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டதற்குப் பதிலில்லை.

ஒரு வாரம் வகுப்புக்குப் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வீட்டில் பயந்துவிட்டார்கள், நியாயம்தான். பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள். ராக்கெட் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் பாடத்தை மட்டும் நடத்தினேன். அப்புறம் ஒரு நாள் அந்த ஏழாவதுப் பொண்ணு கோணமானியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அடி வரைக்கும் போக முடியாத ஒண்ணோட ஒசரத்த எப்பிடிணா அளக்கிறது?”

இரண்டு இடத்தில் நின்று இரண்டு கோணம் எடுக்க வேண்டும், நடுவில் உள்ள தூரம் தெரிந்தால் போதும் என்றேன். பத்தாவது வகுப்புக் கணக்கு, அவளுக்கு மூணு வருஷம் முந்தி. எதை அளக்கப் போகிறாள் என்று கேட்கவில்லை. சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போகிற சாக்கில் பொதுச் சாலையில் நின்று இரண்டு கோணம் எடுத்து வந்திருந்தாள். முதல் இடத்தில் 15 டிகிரி. 14 மீட்டர் முன்னால் போய் 20 டிகிரி. டேன் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் போட்டோம். 14 மீட்டர் சொச்சம் வந்தது. கண் உயரத்தையும் கூட்டி 15-க்குக் கொஞ்சம் மேலே.

நோட்டில் எழுதினாள். மேலே, ஊர்க் கோயில் கோபுரம், 15½ மீட்டர். அதுக்குக் கீழே, கட்டியக்காரன், 31 மீட்டர். அப்புறம் பம்பு எங்கே என்று கேட்டாள்.